பழைய காருக்குப் புது கார்பெட், கதவுப் பேனல்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி:
பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது, உள்ளே இன்னும் வெறும் தகரம்தான். தைத்து வந்த கார்பெட் செட் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது, கதவுப் பேனலுக்கு ஹார்ட்போர்டும் தயார். எதை முதலில் போடுவது? சீட் போல்ட் வரும் இடத்தில் டிரில் போட்டால் போதுமா?

பதில் 1:
டிரில் வேண்டவே வேண்டாம் நண்பரே. பிட்டில் ஒரு நூல் சிக்கினால் போதும், அப்படியே உருவிக்கொண்டு வந்து கார்பெட்டின் குறுக்கே வழுக்கைக் கோடு விழுந்துவிடும். அடியிலிருந்து குத்தூசியால் குத்தி இடத்தைக் கண்டுபிடித்து, சூடான சால்டரிங் அயர்னால் துளை போடுங்கள். நைலான் என்றால் ஓரம் உருகி இறுகிவிடும், பிரியாது. மடிப்பு போக வெயிலில் விரித்துப் போடுங்கள்.

பதில் 2:
அதற்கும் முன்னால், கண்ணாடி ரப்பர், கதவு பீடிங் எல்லாவற்றிலும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுக்கு இருந்தால் ஈரம் கார்பெட்டுக்கு அடியில் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தரையைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அப்புறம் அண்டர்லே (கார்பெட்டுக்கு அடியில் போடும் விரிப்பு), நடுவில் கியர்பாக்ஸ் மேடு, கடைசியில் கால் வைக்கும் பகுதிகள். பசை தடவாமல் முதலில் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள்.

பதில் 3:
பேனலுக்குப் பழையதையே அச்சாக வையுங்கள். ஹார்ட்போர்டின் பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிக்காவிட்டால் ஊதிவிடும். பேனலுக்குப் பின்னால் கதவில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுவதும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! ஷீட்டின் கீழ் ஓரம் வெளியே தொங்கலாமா?

பதில் 3:
கூடாது. கதவுக்குள்ளே செருகிவிடுங்கள், அப்போதுதான் வழியும் தண்ணீர் உள்ளேயே இறங்கிக் கீழ்த் துளை வழியாக வெளியேறும்.