மார்வாவுக்குத் தம்புரா: நிஷாதமா, தைவதமா?

ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டு தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ராகம் மார்வா, விளம்பித் ஏக்தால் (மெதுவான பன்னிரண்டு மாத்திரைத் தாளம்), சுருதி ஒன்றரைக் கட்டை. பஞ்சமம் கிடையாது என்பதால் தம்புராவின் முதல் தந்தி மந்திர நிஷாதத்தில் இருக்கிறது. சிக்கலே அதுதான். நிஷாதம் காதில் ஓயாமல் ஒலிப்பதால் குரல் நி, க இரண்டிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே பூரியா என்ற வேறு ராகம் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. மார்வா நிற்க வேண்டிய இடங்கள் கோமள ரிஷபமும் சுத்த தைவதமும் (கர்நாடக முறையில் சுத்த ரிஷபம், சதுச்ருதி தைவதம்). ஷட்ஜத்தைத் தள்ளிப்போட வேண்டும். (கர்நாடக ராகமான ஹம்சானந்தியின் பழக்கத்தில் மேல் ஷட்ஜத்துக்கு ஓடினால், அதே ஸ்வரங்கள் கொண்ட சோஹனி ராகம்தான் வரும்!)

தந்தியைத் தைவதத்துக்கு இறக்கினால் 'நி ரி நி த' சுகமாக இறங்குகிறது. ஆனால் ரிஷபத்தில் நீண்டு நிற்கும்போது பிடிப்பில்லை: வாதிக்கும் (முதன்மை ஸ்வரம், இங்கே ரி) சம்வாதிக்கும் (அடுத்த முக்கிய ஸ்வரம், த) நடுவே ஸ-ப உறவும் இல்லை, ஸ-ம உறவும் இல்லை. ரிஷபம் மெல்ல மேலேறிவிடுகிறது.

கேள்விகள்: இரண்டு தம்புரா வைத்து ஒன்றில் நி, மற்றதில் த சேர்ப்பது சரிவருமா? அந்தத் தைவதத்தை எதை வைத்துச் சேர்ப்பீர்கள், காந்தாரத்தையா? ஆலாபில் ஷட்ஜத்தை முதலில் எப்போது தொடுவீர்கள்? உஸ்தாத் அமீர் கானின் மார்வாவில் ரிஷபம் நிற்கும் விதம்தான் இலக்கு. செயலித் தம்புராவுக்கான அளவுகள் இருந்தாலும் போடுங்கள்.