'எக்ஸிஜே': ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பிரெஞ்சு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பாரிஸில் வாடகை வீட்டைக் காலி செய்த நண்பர், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் லண்டன்வாசி.

கடிதத்தில் 'ஜெக்ஸிஜ்' என்று இருக்கிறது, அதாவது 'எக்ஸிஜே' என்ற வினைச்சொல் 'நான்' என்பதோடு சேர்ந்த வடிவம். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் சும்மா கேட்பது, ஆங்கில 'டிமாண்ட்' அல்ல. அதில் வழுக்குகிறவர்கள் ஏராளம். 'எக்ஸிஜே' அப்படியில்லை, கறாராகக் கேட்பது. ஆள் கேட்டால் 'டிமாண்ட்' அல்லது 'இன்சிஸ்ட் ஆன்', சட்டமோ வேலையோ கேட்டால் 'ரிக்வயர்', சூழ்நிலை கேட்டால் 'கால் ஃபார்'. வேலை விளம்பரத்தில் 'எக்ஸ்பெரியான்ஸ் எக்ஸிஜே' என்றால் அனுபவம் கட்டாயம். இதுவரை சரிதானே?

என் சிக்கல் இதுதான். வீட்டில் சேதம் எதுவும் இல்லையென்றால் சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்கிறது பிரான்சின் 1989ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். நண்பர் அதைச் சுட்டித்தான் கேட்கிறார். அப்படியானால் இங்கே கேட்பது ஆளா, சட்டமா?

'ஐ டிமாண்ட்' சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறது. 'ஐ ரிக்வெஸ்ட்' என்றால் கெஞ்சல், நண்பர் கெஞ்சவில்லை. 'ஐ ரிக்வயர்' பொருந்துமா? இங்கிலாந்தில் வக்கீல் கடிதம் எழுதிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.