அம்மாவின் ஷூவுக்கு 4 செ.மீ உயரக் கட்டை: எந்த ஃபோம் ஷீட் வாங்குவது?

தி.மலை மகள்

வணக்கம். எங்க அம்மாவுக்குச் சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் குட்டை. ஆஸ்பத்திரியில பாதத்துக்கு அடியில பலகை வச்சு அளந்து, 4 செ.மீ உயரம் குடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. காலிப்பர் (காலைத் தாங்கற கம்பிச் சட்டம்) கிடையாது, ஷூ மட்டும்தான். இத்தனை வருஷமா கருப்பு ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்கா ஒட்டித்தான் போட்டுட்டிருக்காங்க.

நேத்து சமையலறைத் தராசுல வச்சுப் பார்த்தேன். வலது ஷூ 290 கிராம். இடது ஷூ 1 கிலோ 180 கிராம். மெலிஞ்சு போன காலுக்குத்தான் அந்தப் பாரம் முழுக்க. அம்மா சத்துணவுக் கூடத்துல வேலை பார்க்கறாங்க, பாதி நாள் நின்னபடிதான். சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது சேலையோட தொடையைக் கையால பிடிச்சுத் தூக்கித்தான் அடுத்த படியில காலை வைக்கிறாங்க.

ஃபோம்ல கட்டை போட்டா லேசா இருக்கும்னு கேள்விப்பட்டு ஒரு ஆன்லைன் கடையில ஷீட் வாங்கி ஒட்டிக் குடுத்தோம். மாசம் முடியறதுக்குள்ள குதிகால் பக்கம் அமுங்கிப் போச்சு, ஓரமும் பிரிஞ்சு வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன் நல்லா வேலை தெரிஞ்சவர். "ஃபோம்ல சொல்யூஷன் நிக்காதும்மா"ன்னு தயங்கறார். எந்த ஷீட்டு, எவ்வளவு கெட்டி, எதால ஒட்டணும்னு சொன்னீங்கன்னா வாங்கிக் குடுத்து அவரையே செய்யச் சொல்லுவேன்.

சைக்கிள்காரன்

ஹவாய் செருப்பு ஷீட் எல்லா ஊர்லயும் கிடைக்குமே. அதையே மூணு நாலு அடுக்கு ஒட்டலாமே? இல்லன்னா சர்க்கரை வியாதிக்காரங்க போடற எம்.சி.ஆர்ங்கற மெத்து ரப்பர் ஷீட்.

ராம்பியும் கட்டையும்

தங்கச்சி, வாணியம்பாடியில ஷூ கம்பெனியில சோல் ஒட்டுற செக்ஷன்ல ரொம்ப வருஷம் இருந்தேன். இப்ப மாற்றுத்திறனாளிகளுக்கு ஷூ செஞ்சு குடுக்கறதுதான் என் வேலை. அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

முதல்ல நண்பர் சொன்ன எம்.சி.ஆர் பத்தி. அது அருமையான பொருள்தான். வேலூர்லயும் கரிகிரியிலயும் தொழுநோயால உணர்ச்சி போன கால்ல புண் வராம காப்பாத்தினதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா அதோட வேலை பாதத்துக்கு நேர் கீழ மெத்துன்னு அமுங்கிக் குடுக்கறது. போலியோ வந்த கால்ல உணர்ச்சி நல்லாவே இருக்கும், குறையறது தசை பலம்தான். உங்க அம்மாவுக்கு வேண்டியது அமுங்காத, ஆனா எடை இல்லாத கட்டை. மெத்து ஷீட்டை 4 செ.மீ அடுக்கினா ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஆடும். பலம் இல்லாத கணுக்காலுக்கு அது ஆபத்து. ஹவாய் ஷீட்டும் உயரக் கட்டைக்கு வேணாம், எடை கூடும்.

வாங்க வேண்டியது சோலுக்குன்னே வர்ற கெட்டி இவிஏ ஷீட். இவிஏங்கறது ஒரு வகை ஃபோம். இவிஏன்னு பேர் மட்டும் சொல்லிக் கேட்டா குழந்தைங்க விளையாடற பாயும் இவிஏதான்னு எடுத்துக் குடுத்துடுவாங்க. உங்களுக்கு வந்தது அந்த மாதிரி ஏதோதான்னு நினைக்கிறேன். கடையில ஷோர் ஏங்கற கெட்டித்தன அளவுல 40லேர்ந்து 50க்குள்ளன்னு சொல்லிக் கேளுங்க. அதை அளக்கற மீட்டர் இல்லாத கடையா இருந்தா 10 செ.மீக்கு 10 செ.மீ, 1 செ.மீ தடிமன்ல ஒரு துண்டு வெட்டி நகைத் தராசுல வைங்க. 15லேர்ந்து 20 கிராம் வந்தா எடுங்க. 10 கிராம், அதுக்குக் கீழன்னா பாய்தான், வேணாம். இன்னொண்ணு, கட்டைவிரல் நகத்தால நல்லா அழுத்திட்டு விடுங்க. தடம் உடனே மறையணும். சென்னை பெரியமேட்டுல, ஆம்பூர்ல ஷூ மெட்டீரியல் கடைங்கள்ல 10, 12 மி.மீ ஷீட்டா கிடைக்கும்.

எடைக் கணக்கையும் சொல்லிடறேன். ஒரு பெண்கள் ஷூவோட அடிப்பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. 4 செ.மீ உயரம்னா 800 கன செ.மீ. கெட்டி ரப்பர்ல அது 900 கிராமைத் தொடும். அம்மா இப்ப தூக்கறது அதைத்தான். அதே அளவு இவிஏல 160 கிராமுக்குள்ள முடிஞ்சுடும். அடியில தேய்மானத்துக்கு 4 மி.மீ ரப்பர் கட்டாயம் போடணும், அது ஒரு 90 கிராம். அந்த 4 மி.மீயும் மொத்த 4 செ.மீக்குள்ளயே அடங்கணும், மறந்துடாதீங்க. எப்படிப் பார்த்தாலும் இடது ஷூ அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம் வடிவம். குதிகால்ல 4 செ.மீ வச்சுட்டு அதே உயரத்தை விரல் நுனி வரைக்கும் கொண்டு போகாதீங்க. அந்தத் தடிமனுக்குக் கட்டை வளையாது, நுனி தரையில இடறும். விரல் அடிமூட்டுல உயரம் குறைஞ்சு, அங்கேர்ந்து நுனி வரைக்கும் அடிப்பக்கம் தோணி மூக்கு மாதிரி மேல ஏறணும். எங்க எவ்வளவு குறைக்கணும்னு அளந்து குடுத்த இடத்துலயே ஒரு தடவை கேட்டுக்கோங்க. ஓரத்தைச் சீவும்போது கட்டை கீழ போகப் போகக் குறுகவே கூடாது. நேரா இறங்கணும், வெளிப்பக்கம் ஒரு நூல் அகலமா இருந்தா இன்னும் நல்லது. அழகுக்காக உள்ள சீவி விட்ட கட்டையிலதான் கால் பிசகுது.

இப்ப ஒட்டுறது. உங்க ஊர் அண்ணன் தயங்கறதுல நியாயம் இருக்கு. ஷீட்டோட மேல்தோல் வழுவழுன்னு இருக்கும், அச்சுலேர்ந்து கழட்டப் பூசுற எண்ணெய்ப் பசையும் அதுல இருக்கலாம். அது மேல எந்தச் சொல்யூஷனும் நிக்காது. 60 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு முழுக்கப் போற வரைக்கும் ரெண்டு பக்கமும் தேய்க்கணும். தூசியை பிரஷ்ல தட்டி எடுத்துட்டு, நியோப்ரீன் சொல்யூஷனை ரெண்டு பக்கமும் மெல்லிசா பூசுங்க. முதல் பூச்சை ஃபோம் குடிச்சுடும். அது காஞ்சதும் ரெண்டாவது பூச்சு. புறங்கையால தொட்டா ஒட்டாத பதம் வரணும், அவசரப்படக் கூடாது. அப்புறம் ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு அழுத்திட்டே போய், சுத்தியால ஒரு இடம் விடாம தட்டணும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டு மறுநாள் போட்டுக்கலாம். சொல்யூஷன் வாசனை தலைக்கு ஏறும், தீயும் பிடிக்கும். காத்தோட்டமான இடத்துல செய்யச் சொல்லுங்க.

கட்டை போட்ட ஷூவை மொட்டை மாடி வெயில்ல காய வைக்காதீங்க. வண்டி சைலன்சர் பக்கமும் வேணாம். இவிஏ சூட்டுல சுருங்கும், அளவே மாறிடும்.

2011 ஜனவரியில ஹவுராவுல பதிவானதுதான் நம்ம நாட்டுல வைல்ட் போலியோவோட கடைசி கேஸ். 2014 மார்ச்சுல போலியோ இல்லாத நாடுன்னு சான்றும் வாங்கிட்டோம். ஆனா அதுக்கு முன்னாடி போலியோ வந்தவங்க லட்சக்கணக்குல இன்னும் நடந்துட்டிருக்காங்க. அவங்களுக்குக் கட்டை போடத் தெரிஞ்ச கைங்கதான் குறைஞ்சுட்டு வருது. அதனால உங்க ஊர் அண்ணனையே செய்ய வைங்க. பக்கத்துலயே ஒருத்தர் இதைக் கத்துக்கிட்டா உங்க அம்மாவோட நிக்காது.

மதுரை வடக்கு

எனக்கும் போலியோதான், வலது காலில் 3 செ.மீ. ராம்பி அண்ணன் சொன்னது எல்லாமே சரி. போட்டு நடக்கிறவனாக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கனமான கட்டையிலிருந்து திடீரென்று லேசான கட்டைக்கு மாறினால், பழகிய வேகத்தில் காலை வீசும்போது அது நினைத்ததைவிட முன்னால் போய் விழும். அம்மாவை முதலில் வீட்டுக்குள், சுவரைப் பிடித்து நடக்கச் சொல்லுங்கள். நேராகப் படியிலோ பஸ்ஸிலோ ஏற வேண்டாம்.

இரண்டாவது, 4 செ.மீ என்பது இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம். வலது காலுக்கு அடி தடிமனான வேறு ஷூ வாங்கினால் அந்தக் கணக்கே மாறிவிடும். ஒரே ஜோடியில் இரண்டையும் போடுங்கள். நல்ல இவிஏவும் நாளாக நாளாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அவ்வப்போது ஸ்கேல் வைத்துக் குதிகால் உயரத்தை, முக்கியமாக வெளி ஓரத்தை, அளந்து பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். இடுப்பு வலி வந்த பிறகு அளப்பதைவிட அது மேல்.

தி.மலை மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராம்பி அண்ணா, நீங்க எழுதினதை அந்த அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். உப்புத்தாள் விஷயத்தைக் கேட்டதும் "அதான் பிரிஞ்சிருக்கு"ன்னார். அவருக்குத் தெரிஞ்சவர் மூலமா ஆம்பூர்லேர்ந்து ஒரு துண்டு வரவழைச்சு நிறுத்துப் பார்த்தோம், 17 கிராம். ஒரே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு இப்ப இருக்கற ஷூவோட அடி பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு இருக்கு. அது மேலயே இவிஏவை ஒட்டலாமா?

ராம்பியும் கட்டையும்

17 கிராம்னா சரியான சரக்கு, எடுத்துடுங்க தங்கச்சி.

அந்த அடி பிவிசி மாதிரி தெரியுது. அதுல கலந்திருக்கற எண்ணெய் மெதுவா கசிஞ்சு நியோப்ரீன் சொல்யூஷனை இளக்கிடும். முதல் நாள் கல்லு மாதிரி பிடிக்கும், நாள் போகப் போக வழண்டு வந்துடும். அம்மா நடந்துட்டிருக்கும்போது பிரிஞ்சா விழுந்துடுவாங்க, அதனால அதுல ஒட்டவே வேணாம். தோல் மேல்பாகமும் தட்டையான ஒட்டு சோலும் உள்ள, லேஸோ வெல்க்ரோவோ வச்ச ஷூ ஒரு ஜோடி வாங்குங்க. இடது ஷூவோட சோலைச் சூடு காட்டிக் கழட்டிட்டு, உள்ளட்டைக்கு நேர் கீழ இவிஏவை ஏத்தி, கழட்டின சோலையே தேய்மான ரப்பரா அடியில ஒட்டச் சொல்லுங்க. பார்க்கவும் வலது ஷூ மாதிரியே இருக்கும். முன்னாடி 4 செ.மீக்குள்ள அடங்கணும்னு சொன்னது தனியா ஒட்டற ரப்பருக்கு. கழட்டின சோல் எவ்வளவு தடிமனா இருந்தாலும், வலது பக்கமும் அதே சோல்தானே, அதை உயரக் கணக்குல சேர்க்காதீங்க. இவிஏ மட்டுமே 4 செ.மீ வரணும்.