மே மாத வெயிலில் பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கலாமா?

மேடவாக்கம்_மாடிவீடு | மே 10, இரவு 9.40

வணக்கம். என் வீடு மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் கடைசித் தளத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு என் அறையின் வெப்பமானி 37 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. திருமணப் படங்களையும் வீடியோக்களையும் எடிட் செய்து கொடுப்பது என் தொழில். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 7700எக்ஸ் பிராசசரும், நடுத்தர விலையில் ஒற்றை ஃபேன் வைத்த கூலரும் வைத்திருக்கிறேன். ரெண்டர் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும் வேலை) தொடங்கிய அரை நிமிடத்தில் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும். ஃபேன் போடும் இரைச்சலில் நாதஸ்வரம் எது, ஃபேன் எது என்று பிரித்தறிவதே சிரமம்.

போன வாரம் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் நுழைந்து, வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) மைனஸ் 20 படி கொடுத்தேன். கூடவே, பிராசசர் சாக்கெட் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்ச வரம்பான பிபிடியை 142 வாட்டிலிருந்து 88 வாட்டாகக் குறைத்தேன். இப்போது அதே அறையில் அதே வேலைக்கு 71 டிகிரிதான். வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மதிப்பெண்ணில் நூறு மட்டுமே குறைந்தது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சென்னையில் டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் வாங்கிய அன்றே வோல்டேஜைக் குறைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய_சாலிடர் | மே 10, இரவு 10.25

நான் மறுக்கிறேன், தம்பி. ரிச்சி தெருவில் பல ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இரண்டு காரியங்களைச் செய்துவிட்டு, பலனை மட்டும் ஒன்றின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிபிடியைக் குறைத்தால் பிராசசர் தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். ஆனால் எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஆலை வகுத்த அட்டவணைக்குள்ளேயே நிற்கும். கர்வ் ஆப்டிமைசர் அந்த அட்டவணையையே கீழே இழுக்கிறது. முன்னது வேட்டியை மடித்துக் கட்டுவது. பின்னது வேட்டியையே கத்தரிப்பது.

அந்த அட்டவணையில் சற்றுக் கூடுதலாக வோல்டேஜ் வைத்திருப்பது உண்மைதான், ஆனால் அது வீணுக்கு வைத்ததல்ல. சிப் சூடேறும்போதும், சுமை திடீரென்று ஏறி வோல்டேஜ் ஒரு கணம் சரியும்போதும், ஆண்டுகள் போகப் போக சிலிக்கான் தளரும்போதும் கணக்குத் தப்பக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. அதைத்தான் நீங்கள் இலவசம் என்கிறீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கணக்கர் அலுவலகத்திலிருந்து ஒரு கணினி வந்தது. யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், ரேமை மாற்றினேன், முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-ஐ மூன்று மணி நேரம் ஓட்டினேன்; அசையவில்லை. பயாஸைத் திறந்து பார்த்தால் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30. முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடும்போது வேகம் குறைவாக இருப்பதால் அது தாங்கிவிட்டது. சுமை இல்லாத நேரத்தில் ஒரே ஒரு கோர் ஒரு நொடிக்கு உச்ச வேகத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளலுக்கு வோல்டேஜ் போதவில்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறியதை வைத்துக்கொண்டு சான்றிதழ் கொடுப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

இன்னொன்று, உங்கள் வரிசைப் பிராசசருக்கு 95 டிகிரி என்பது நோய் அல்ல. அந்த வெப்பத்தில் தொடர்ந்து ஓடும்படிதான் ஏ.எம்.டி. அதை வடிவமைத்திருக்கிறது. முதலில் ஹீட்சிங்கைக் கழற்றித் தூசியைத் துடையுங்கள்.

பதிமூன்றாம்_தலைமுறை | மே 11, காலை 7.15

ஆலை வைத்த வோல்டேஜ் வேதவாக்கு என்பது போல ஐயா எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இன்டெல் 13-ஆம் தலைமுறை ஐ9 வைத்திருப்பவன். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் விளையாட்டுகள் நடுவில் அறுந்து விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். பிராசசரை உள்ளிருந்து இயக்கும் மைக்ரோகோட் என்ற கட்டளைத் தொகுப்பு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த புதிய மைக்ரோகோட், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி அதற்குக் கடிவாளம் போட்டது. பெட்டியில் வந்த பிராசசர்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். வாங்கிய நாளிலேயே வோல்டேஜைக் கட்டுப்படுத்தி வைத்தவனுக்கு அந்தச் சேதம் குறைந்திருக்குமா, இல்லையா? ஆலை அட்டவணையை நம்பி இருந்தவர்கள்தானே அடிபட்டார்கள்?

கணக்கையும் பாருங்கள். டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதால் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜோடு வர்க்க விகிதத்திலும் ஏறும். வேகத்தை மாற்றாமல் 1.25 வோல்ட்டை 1.15 ஆக்கினால் அந்தச் செலவில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. சிப் குளிர்ந்தால் கசியும் மின்சாரமும் குறையும் என்பதால் அது மேல்வரும்படி.

பழைய_சாலிடர் | மே 11, காலை 8.50

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கோளாறில் சேதமான சிப்புக்கு என்ன ஆகிறது? நிலையாக ஓடத் தேவைப்படும் குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே ஏறிவிடுகிறது. நேற்று 1.20-இல் ஓடியது இன்று 1.28 கேட்கும். அப்படிப்பட்ட சிப்பில் வோல்டேஜைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் விழும். உச்சத்துக்கு வரம்பு வைப்பது வேறு, அட்டவணை முழுவதையும் கீழே தள்ளுவது வேறு. இன்டெல் செய்தது முன்னது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

வாரன்டிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ஏ.எம்.டி. தன் எச்சரிக்கைக் குறிப்பில் ஓவர்கிளாக்கோடு (வேகத்தை ஏற்றுவது) அண்டர்வோல்ட்டையும் (வோல்டேஜைக் குறைப்பது) சேர்த்தே எழுதியிருக்கிறது. வெளியிட்ட அளவுகளை மீறினால் வாரன்டி கிடையாது என்பது அதன் சாரம். தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் பயாஸில் நுழைந்தாரா?

யூனிட்_கணக்கு | மே 11, பிற்பகல் 1.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மின்கட்டணம் மிச்சமாகும் என்று யாராவது தொடங்குமுன் கணக்கைப் போட்டுவிடுகிறேன். 142-க்கும் 88-க்கும் இடையே 54 வாட். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் முழுச் சுமை என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு மாத ரீடிங்கில் 20 யூனிட்டைத் தொடாது. ஸ்லாபின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு வேண்டுமானால் அது உதவும். மற்றவர்கள் பழைய ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரைப் பார்ப்பது நல்லது.

மேடவாக்கம்_மாடிவீடு | மே 12, இரவு 11.30

மின்கட்டணத்துக்காக நான் இதைச் செய்யவில்லை. ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ நூறு வாட் வெப்பத்தை வெளியிடுவார் என்பார்கள். அந்தக் கணக்கில் என் சின்ன அறையிலிருந்து அரை ஆளை வெளியே அனுப்பியிருக்கிறேன். 95 டிகிரி சிப்புக்கு நோய் அல்ல என்பதை ஏற்கிறேன். நோயாளி நான்தான்.

சாலிடர் சார் கேட்டது நியாயம் என்பதால், நேற்றும் இன்றும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சோதித்தேன். தூசியையும் துடைத்தேன், ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்திருந்தது, ஆனாலும் வித்தியாசம் 2 டிகிரிதான். அறை 36 டிகிரியில் இருக்கும்போது, பத்து நிமிட ஓட்டத்தில் கிடைத்தவை இவை. எதையும் மாற்றாமல்: 95 டிகிரி, 19,200 மதிப்பெண். மைனஸ் 20 மட்டும்: 93 டிகிரி, 19,900. பிபிடி 88 மட்டும்: 72 டிகிரி, 18,400. இரண்டும் சேர்ந்து: 71 டிகிரி, 19,100.

இந்த எண்கள் என் கட்சியின் பாதியைச் சாய்த்துவிட்டன என்பதை மறைக்க விரும்பவில்லை. வோல்டேஜை மட்டும் குறைத்தபோது வெப்பம் பெரிதாக இறங்கவில்லை. கிடைத்த இடத்தைப் பிராசசர் வேகமாக மாற்றிக்கொண்டு மறுபடியும் கூரையை முட்டுகிறது. வெப்பத்தை இறக்கியது பிபிடி. அதனால் இழந்த வேகத்தில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தது அண்டர்வோல்ட். அந்த 700 மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனமில்லை.

பழைய_சாலிடர் | மே 13, காலை 9.10

தோற்ற எண்ணையும் சேர்த்து வெளியிட்டதற்குப் பாராட்டுகள். ஆக, உங்கள் பேரம் நான்கு சதவீத வேகத்துக்காக. ஒரு மணி நேர ரெண்டரில் இரண்டு நிமிடம் சொச்சம். நீங்கள் விளையாட்டுக்காரராக இருந்தால் நான் இந்நேரம் விலகியிருப்பேன், ஏனென்றால் விளையாட்டு அறுந்தால் மீண்டும் தொடங்கலாம். நீங்களோ அடுத்தவர் வீட்டுத் திருமணத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வோல்டேஜ் போதாத கோர் எப்போதும் நீலத்திரை காட்டிவிட்டு விழும் என்று எண்ண வேண்டாம்; சில வேளைகளில் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல மேலே போய்விடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிமூன்றாம்_தலைமுறை | மே 13, இரவு 8.20

ஐயாவின் அச்சம் முறையானதே, ஆனாலும் அதற்குக் கருவி இருக்கிறது. கோர்சைக்ளர் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கும். அதை இரவு முழுவதும் ஓட விடுங்கள். பழைய முறையில், மதர்போர்டில் மொத்த வோல்டேஜிலிருந்து ஒரே அளவாகக் கழிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரைசனில் திரையில் 5.2 கிகாஹெர்ட்ஸ் என்று தெரிந்தாலும் உள்ளே கடிகாரத் துடிப்பு நீண்டு, உண்மை வேகம் குறைந்திருக்கலாம். கணினியின் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பார்க்காமல் வெற்றி முழக்கம் வேண்டாம்.

மேடவாக்கம்_மாடிவீடு | மே 15, காலை 6.50

எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நேற்று இரவு ஒரு திருமணத்தின் மூலக்கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, கணினியை அணைக்காமல் படுத்தேன். காலையில் பார்த்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரை நிற்கிறது. ஈவன்ட் வியூவரில் 2.40 மணிக்கு டபிள்யூஎச்இஏ-லாகர், எண் 18, கேஷ் ஹையரார்க்கி எரர் (பிராசசரின் உள் நினைவகப் பிழை), ஏபிஐசி ஐடி (பிழை நேர்ந்த திரெட்டின் எண்) 6. கோருக்கு இரண்டு திரெட் (ஒரே கோரில் ஓடும் வேலை வரிசைகள்) என்பதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 3-ஆம் கோர். பயாஸ் நட்சத்திரக் குறி போட்டுக் காட்டும் சிறந்த இரண்டு கோர்களில் அதுவும் ஒன்று. சிறந்த கோருக்கு ஆலையே குறைவான வோல்டேஜ்தான் கொடுத்திருக்கும். அதில் போய் இன்னும் 20 படி கழித்திருக்கிறேன்.

அந்தக் கோரை மட்டும் மைனஸ் 6-க்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்றவை மைனஸ் 20-இலேயே இருக்கின்றன. கட்சி மாறவில்லை, ஆனால் "வாங்கிய அன்றே எல்லாரும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய_சாலிடர் | மே 15, காலை 7.30

கோர் கிடக்கட்டும். நேற்று இரவு நகலெடுத்ததைச் சரிபார்த்தீர்களா? மைனஸ் 20 வைத்த நாளிலிருந்து நகலெடுத்த எல்லாவற்றையும் கேட்கிறேன்.

மேடவாக்கம்_மாடிவீடு | மே 15, பிற்பகல் 2.15

கர்வ் ஆப்டிமைசரைப் பூஜ்யத்தில் வைத்து, பிபிடி 88-ஐ மட்டும் விட்டுவிட்டு, மூலமும் நகலும் ஒன்றுதானா என்று பார்க்கும் செக்சம் ஒப்பீட்டை ஓட விட்டிருக்கிறேன். 212 ஜிபியில் 140 முடிந்திருக்கிறது. இதுவரை எல்லாம் பொருந்துகிறது. மெமரி கார்டுகளை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை, சார்.