தாண்டிக்குடிப் பக்கம் 4 ஏக்கர் மரக்காடு விலைக்கு வருது, வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

கேள்வி: மலைப்பாதை (புனைபெயர்)
தாண்டிக்குடி – பண்ணைக்காடு வழியில் 4 ஏக்கர் பட்டா நிலம். பழைய காபித் தோட்டம், பராமரிப்பு விட்டுப்போய் சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை என்று காடாகவே மாறிவிட்டது. விவசாயம் நோக்கமில்லை, குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க, நடக்க, பறவை பார்க்க. பாதி நிலம் சரிவு, ஓர் ஊற்று உண்டு. 30 வருட வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. வேறு என்ன பார்க்கணும்?

பதில்: சர்வே கல்
வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க. 1949-ம் வருட தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் அது வில்லங்கத்தில் வராது. முன் அனுமதி இல்லாமல் அதை விற்கவும் கூடாது, மரம் வெட்டவும் கூடாது. அனுமதியில்லாத கிரயம் செல்லாது, பத்திரம் பதிவாகியிருந்தாலும் சரி. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்க, வாய்வார்த்தை வேண்டாம். அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்தது), பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது) என்றும் பாருங்க.

கூட்டுப் பட்டா என்றால் முதலில் உட்பிரிவு செய்து தரச் சொல்லுங்க. பிரிக்காத பங்கை வாங்கினால் ஊற்று யார் பக்கம் என்ற தகராறு பிறகுதான் கிளம்பும்.

அப்புறம் பாதை. ஜீப் போகிற தடம் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) இருக்கா? பெரும்பாலும் பக்கத்துத் தோட்டக்காரர் பட்டாவுக்குள்ளேதான் போகும். அப்படியானால் கிரயத்துக்கு முன்பே அவரிடம் பாதை உரிமையைப் பத்திரமாகப் பதிவு செய்து வாங்கிடுங்க.

பதில்: ஊற்றுக்கண்
நிலத்தை ஏப்ரலில் போய்ப் பாருங்க சார். டிசம்பரில் எல்லா ஊற்றும் ஓடும். 20 லிட்டர் கேனை ஊற்றுவாயில் வைத்து நேரம் பாருங்க: 4 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளுக்கு 7,200 லிட்டர். கோடையில் அதில் கால்வாசி வந்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். கழிப்பறை ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம், 30 மீட்டராவது தள்ளி இருக்கணும்.

கூடாரத்துக்குச் சமதரை கிடைத்தாலும் முதலில் தலைக்கு மேலே பாருங்க. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம், ஓடைத் தடமும் வேண்டாம். மேல்மலையில் பெய்யும் மழை உங்கள் தலைக்கு மேல் தூறல்கூட இல்லாமல் கீழே வெள்ளமாக இறங்கும்.

உண்ணிச்செடிப் புதரை வெறுமனே வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடணும். நடைபாதையோரம் இதை முதலில் செய்யுங்க. புதருக்குள் காட்டுமாடு படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

பதில்: தீக்கோடு
பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீ. ஜனவரிக்குள் எல்லையோரம் 3 மீட்டர் அகலத்துக்குச் சருகை மண் தெரியும்வரை வழித்துவிடுங்க. யானைத் தடம் எது என்று தோட்ட வேலைக்காரர்களிடம் கேளுங்க, அதன் குறுக்கே வேலி போடாதீங்க. சோலார் வேலிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

மலைப்பாதை
நன்றி. பாதை விஷயம் இப்போதுதான் உறைத்தது: தடம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்குள்ளே போகுது. ரெண்டு ஓட்டு வீடு மட்டும் கட்டலாமா?

சர்வே கல்
முதலில் ஊர் ஹாகா (HACA, மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கா பாருங்க. இருந்தால் ஊராட்சி அனுமதி மட்டும் போதாது. சரிவு எவ்வளவு என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து அளந்துவிட்டு, பிறகு பிளான் போடுங்க.