மகளை முன்பள்ளியில் சேர்க்க வழி சொல்லுங்க

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்க தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மகளுக்கு 4 வயசு 6 மாசம். பெருமூளை வாதம்னு 2 வயசுல சொன்னாங்க. தனியா நடக்க மாட்டா, சுவரைப் பிடிச்சு நிப்பா. பேச்சு பத்துப் பதினஞ்சு வார்த்தைதான், ஆனா நாம பேசுறது எல்லாம் விளங்கும். வலிப்பு இல்ல.

தோட்டத்து முன்பள்ளியில ஜனவரியில கேட்டோம். "நடக்கத் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம்"னாங்க. டீச்சரைக் குறை சொல்ல முடியாது, ஒரே ஆள், கக்கூசும் படி இறங்கித்தான். காலையில பிள்ளைங்க பாடுற சத்தம் நாங்க இருக்கிற லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) கேட்கும். இவ கதவு நிலையைப் பிடிச்சு எழும்பி, கூடவே தலையாட்டுறா. அதைப் பார்க்கத்தான் முடியல.

மிட்வைஃப் மிஸ் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்துல எழுதி, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கு அனுப்பினாங்க. பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரியில மாசம் ஒருக்கா பிசியோ. போற நாளெல்லாம் கொழுந்துப் பேர், அதாவது அன்னைக்குக் கொழுந்தெடுக்கிற சம்பளம், போயிரும். பிரதேச செயலகத்துக்கு மூணு தரம் போயாச்சு. சமூக சேவைப் பக்கம் போகச் சொன்னாங்க, அங்க வலயக் கல்விப் பணிமனையைக் கேளுன்னாங்க, அங்க முன்பள்ளி எங்க பொறுப்பில்லன்னாங்க.

நவம்பர்ல 5 முடியுது. அடுத்த ஜனவரி முதலாம் தரத்துக்கு வயசு வந்துரும், ஒரு நாள்கூட முன்பள்ளி பார்க்காம.

நுவரெலியா மாவட்டத்துல இப்படியான பிள்ளையை முன்பள்ளியில சேர்த்தவங்க, எந்த அதிகாரியை, என்ன கடிதத்தோட போய்ப் பார்த்தீங்க?