பனல் லேஅவுட் வரைய எந்த மென்பொருள்? திருகோணமலைப் பட்டறை ஒன்றின் கேள்வி

உப்புவெளிப் பட்டறை:
கிண்ணியா அரிசி ஆலைகள், கொட்பே ஐஸ் பக்டரிகள், நிலாவெளி ஹோட்டல் பம்புகள், இவற்றுக்குக் கட்டுப்பாட்டுப் பனல் (மோட்டாரை இயக்கும் மின்சாமான் பெட்டி) கட்டிக் கொடுக்கிறோம். சேர்க்கிட் வரைபடமும், பெட்டிக்குள் எந்தச் சாமான் எங்கே என்று காட்டும் லேஅவுட்டும் வரைய வேண்டும். இதுவரை தொடக்க மின்னோட்டத்தைக் குறைத்து மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்தான் அதிகம். சாதாரண ஓட்டோகாட்டில் கோடு போட்டே சமாளித்தோம். இப்போது பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) எல்லாம் கேட்கிறார்கள். ஓட்டோகாட் எலெக்ட்ரிக்கல், ஈபிளான், கியூ-எலெக்ட்ரோடெக், இதில் எதை எடுக்கலாம்?

சீனக்குடா மின்னியல்:
தம்பி, ஓட்டோகாட் எலெக்ட்ரிக்கலை எடுங்கள். கொண்டாக்டரின் (மோட்டாருக்கு மின்னைக் கொடுத்து நிறுத்தும் மின்காந்தச் சுவிட்சின்) துணைத் தொடுகை வரைபடத்தில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று அதுவே குறிக்கும், வயர் இலக்கமும் போடும். லேஅவுட் வரையும்போது சேர்க்கிட்டிலுள்ள சாமான் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். எது இன்னும் வைக்கவில்லை என்பதும் அதிலேயே தெரியும். வெறும் கோட்டால் வரைந்தால் சேர்க்கிட்டில் கே-5 என்று பெயரிட்ட கொண்டாக்டர் லேஅவுட்டில் கே-6 ஆகிவிடும். அப்படிக் கட்டிவந்த பனல்களைத் திறந்து மல்டிமீட்டரோடு தேடித் தேடியே எனக்கு வெறுத்துவிட்டது.

மூதூர் வயர்மன்:
அண்ணா, காசு யார் கட்டுவது? ஓட்டோடெஸ்க் 2016 இல் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது, இப்போது சந்தாதான், அதுவும் டொலர்க் கணக்கில். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியதை மறந்துவிட்டீர்களா? சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். கியூ-எலெக்ட்ரோடெக் இலவசம், திறந்த மூலம், விண்டோசிலும் லினக்சிலும் ஓடும். தொடுகைக் குறிப்பு, வயர் இலக்கம் இரண்டும் அதிலும் உண்டு. லேஅவுட்டை லிப்ரேகாட் என்ற இலவச வரைபட மென்பொருளில் முழு அளவில் வரையலாம். சாமான் மாட்டும் 35 மில்லிமீட்டர் ரெயில், வயர் ஓடும் ட்ரங்கிங், கதவில் பொருத்தும் மீட்டர், இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீனக்குடா மின்னியல்:
இரண்டு தனித்தனிக் கோப்பு என்றால் நான் சொன்ன கோளாறு திரும்பவும் வந்து நிற்கும். சேர்க்கிட்டில் ஒரு ரிலேயை நீக்கினால் லிப்ரேகாட்டுக்கு அது எப்படித் தெரியும்?

மூதூர் வயர்மன்:
அது உண்மை. ஆனால் ஒரு பெட்டியில் இருபது முப்பது சாமான்தான் என்றால் பட்டியலை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் போனால் நீங்கள் சொல்வதுதான் சரி.

நிலாவெளி சூரியன்:
இரண்டு பேருமே சூட்டைப் பற்றிப் பேசவில்லை. மின் பனல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61439, கட்டடத்துக்குள் வைக்கும் பனலுக்குச் சுற்றுப்புற வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது, 24 மணிநேரச் சராசரி 35 ஐத் தாண்டக் கூடாது என்று வைத்தே கணக்குப் போடுகிறது. நம்முடைய ஊரில் தகரக் கூரைக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆலைப் பனலின் நிலை என்ன? டிரைவுக்கு மேலும் கீழும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும். முதலில் அதை வரையுங்கள், பிறகு பெட்டியின் அளவைத் தீர்மானியுங்கள். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, அதனால் காற்றுத் துவாரம் வெட்டுவதையும் யோசித்தே செய்ய வேண்டும். எந்த மென்பொருளும் இந்த யோசனையை உங்களுக்காகச் செய்யாது. ஈபிளான் புரோ பனல் முப்பரிமாணத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் துளையிடுவது, வயர் வெட்டுவது எல்லாம் மெஷினில் நடக்கும் இடத்துக்குத்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

மூதூர் வயர்மன்:
இன்னொன்று. எந்த மென்பொருளில் வரைந்தாலும் கடைசியில் அதைப் பிடிஎஃப் ஆக்கி, அச்சடித்து, கதவின் உட்பக்கப் பையில் வைத்துவிடுங்கள். இரவில் ஆலை நின்றால் பழுது பார்க்க வருகிறவரிடம் லைசன்ஸ் இருக்காது.

சீனக்குடா மின்னியல்:
இதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தத் தாளிலும் கே-5 என்றால் பெட்டிக்குள்ளும் கே-5 ஆகவே இருக்க வேண்டும்.

உப்புவெளிப் பட்டறை:
சரி அண்ணன்மாரே. பம்புப் பனல்களைக் கியூ-எலெக்ட்ரோடெக்கில் தொடங்குகிறோம். பிஎல்சி வைத்த ஆலைப் பனலை மட்டும் ஓட்டோகாட் எலெக்ட்ரிக்கலின் சோதனைக் காலத்தில் வரைந்து பார்க்கிறோம். அப்படிப்பட்ட வேலை தொடர்ந்து வந்தால் சந்தாவை விலைமனுவிலேயே சேர்த்துக் கேட்கப் போகிறோம்.